சித்திரையில் கைகொடுக்கும், மார்கழியில் கைவிரிக்கும்: அக்காக்குயிலுக்கு மெர்லின் செயலி எவ்வளவு உதவும்?

சித்திரை மாதம், விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு, காட்டு ஓரம். மூன்று அசைகளில் ஒரு கூவல் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் சுருதி ஒரு படி ஏறுகிறது. ஐந்தாறு முறை ஏறி, இதற்கு மேல் தொண்டை தாங்காது என்று நினைக்கும் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் மறுபடியும் அடியிலிருந்து தொடக்கம். அந்த நேரத்தில், பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியைப் போனில் திறந்து ஒலிப் பதிவை அழுத்தினால், பெரும்பாலும் இரண்டாவது சுற்று முடிவதற்குள் 'காமன் ஹாக் குக்கூ' என்ற பெயர் திரையில் வந்துவிடும். தமிழில் அக்காக்குயில்.

அதே காடு, அதே மரம், மார்கழி மாதம். புறா அளவில் சாம்பல் நிறப் பறவை ஒன்று வந்து கிளையில் அமர்கிறது. வாய் திறக்கவில்லை. அது அக்காக்குயிலா, வடக்கிலிருந்து வலசை வந்த பெரிய அக்காக்குயிலா, குயிலே இல்லாமல் வல்லூறு என்ற சின்ன வேட்டைப் பறவையா? இப்போது செயலியின் காது உதவாது. மூன்று பறவைகளும் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய பருவத்தில்தான் செயலியின் பலமான பகுதி ஓய்ந்துவிடுகிறது. இது செயலியின் குறை என்பதைவிட, இந்தப் பறவையின் வாழ்க்கை முறை அப்படி. ஆனால் செயலியை நம்பிப் பறவைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

முதலில் செயலி பற்றிச் சுருக்கமாக. மெர்லின், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தருவது. இலவசம். 2014-இல் வந்தபோது கேள்வி கேட்டுப் பறவையைச் சொல்லும் செயலியாக மட்டும் இருந்தது. பிறகு படத்தைப் பார்த்துச் சொல்லும் வசதியும், 2021-இல் ஒலியைக் கேட்டுச் சொல்லும் வசதியும் சேர்ந்தன. எந்த ஊரில் எந்த வாரத்தில் என்ன பறவை இருக்கும் என்பதை இபேர்ட் தளத்தில் மக்கள் பதிவிட்ட பட்டியல்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால், சிக்னலே இல்லாத காட்டிலும் வேலை செய்யும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். தொகுப்பு பெரியது, வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

ஒலி வசதி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் தானாகப் புரியும். அது சத்தத்தை நேரடியாகக் 'கேட்பது' இல்லை. சத்தத்தை ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாக மாற்றி, அந்தப் படத்தின் வடிவத்தைத் தான் கற்ற வடிவங்களோடு ஒப்பிடுகிறது. திரையில் இடமிருந்து வலமாக ஓடுவது நேரம். கீழிருந்து மேலே போவது சுருதி. கோடு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சத்தம். பதிவு ஓடும்போது இந்தப் படம் உங்கள் கண் முன்னாலேயே ஓடுகிறது. பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பறவைக் குரலைக் கற்றுக்கொள்ள இந்தச் செயலி தரும் மிகப் பெரிய உதவியே அந்தப் படம்தான்.

அக்காக்குயிலின் படம் மாடிப்படி மாதிரி இருக்கும். ஒவ்வொரு படியிலும் மூன்று அசை. அவற்றில் நடு அசை உயர்ந்து அழுத்தமாக நிற்கும். அடுத்த மூன்று அசை முந்தையதைவிடச் சற்று மேலே தொடங்கும். அந்த மூன்றசையை ஆங்கிலேயர்கள் 'பிரெயின் ஃபீவர்' என்று கேட்டார்கள். மூளைக் காய்ச்சல் பறவை என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். வட இந்தியாவில் அது 'பீ கஹான்' என்று கேட்கிறது. எந்த மொழிக் காது கேட்டாலும் மூன்று அசை, நடுவில் அழுத்தம், படிப்படியான ஏற்றம், திடீர் நிறுத்தம் என்ற நான்கும் மாறுவதில்லை. பகல் முழுக்கக் கூவும். மேகம் மூடிய நாளில் இன்னும் விடாமல் கூவும். நிலா இரவில் நள்ளிரவுக்கு மேலும் கூவும். கண்ணால் எதையும் பார்க்க முடியாத அந்த நேரத்தில் ஒலிச் செயலிக்குத்தான் முழு மதிப்பு.

இந்தப் படிக்கட்டு வடிவத்தோடு குழம்பக்கூடிய குரல்கள் இரண்டு உண்டு, இரண்டுமே குயில் இனம்.

முதலாவது, நம் வீட்டு மரத்தில் கூவும் சாதாரணக் குயில். ஆண் குயிலின் 'குக்கூ'வும் அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போகும். புதிதாகப் பறவை பார்ப்பவர்கள் 'ஏறினால் அக்காக்குயில்' என்று மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு இங்கேதான் தவறுகிறார்கள். ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள்: குயிலின் ஒவ்வொரு கூவலும் கீழிருந்து மேலே வழுக்கிப் போகும் ஒரே வளைகோடு. அக்காக்குயிலில் அந்த வழுக்கல் இல்லை, தனித்தனியாக வெட்டிய அசைகள் தெரியும். காதுக்கு வித்தியாசம் பிடிபடாவிட்டாலும் கண்ணுக்குப் பிடிபடும்.

இரண்டாவது, கரிச்சான்குயில். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இது முக்கியமானது. அதன் கூவலும் படிக்கட்டுதான். ஆனால் ஒரு படிக்கு ஒரே ஒரு சீழ்க்கை. 'பிப், பிப், பிப்' என்று ஐந்தாறு சீரான சீழ்க்கைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறிது மேலே, இரண்டு மூன்று விநாடிக்குள் முழுத் தொடரும் முடிந்துவிடும். அக்காக்குயிலின் ஒரு சுற்று இதைவிடப் பல மடங்கு நீளம். தூரத்திலிருந்து வரும்போது அக்காக்குயிலின் மெல்லிய அசைகள் காற்றில் கரைந்து, அழுத்தமான நடு அசை மட்டும் வந்து சேரும். அப்போது மூன்றசை ஒற்றை அசையாகத் தோன்றும். படம் கரிச்சான்குயிலின் படத்தைப் போல ஆகிவிடும். பெயர் எது வந்தாலும் தொடரின் மொத்த நேரத்தைப் பாருங்கள். இடைவெளி விட்டு நிதானமாக ஏறினால் அக்காக்குயில் பக்கம். மளமளவென்று ஏறி முடிந்தால் கரிச்சான்குயில் பக்கம்.

இந்தியக் குயிலின் நாலசைக் கூவல் அப்படி ஏறாது. ஒரே உயரத்தில் திரும்பத் திரும்ப வரும். அதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இனிச் செயலி ஏமாறும் இடங்கள். இவை மெர்லினுக்கு மட்டும் உரியவை அல்ல, ஒலியை வைத்துப் பறவையைச் சொல்லும் எந்தக் கருவிக்கும் பொருந்தும். துடுப்புவால் கரிச்சான் இருக்கும் காட்டில், திரையில் வரும் பெயர்களை ஒரு நொடி நிதானித்துத்தான் ஏற்க வேண்டும். மற்ற பறவைகளின் குரலைப் பிரதி எடுப்பதில் அது வித்தகன். வல்லூறின் கத்தல், சிலம்பன் (தவிட்டுக்குருவி) கூட்டத்தின் எச்சரிக்கைக் குரல் எல்லாவற்றையும் எடுத்து வீசும். செயலிக்கு வடிவம் மட்டும்தான் தெரியும், அந்த வடிவம் யார் தொண்டையிலிருந்து வந்தது என்று தெரியாது. ஒரே திசையிலிருந்து, ஒரே உயரத்திலிருந்து, நாலைந்து வெவ்வேறு இனங்களின் பெயர் நிமிடத்துக்குள் வரிசையாக ஒளிர்ந்தால், அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட எழுதாதீர்கள். முதலில் அந்தக் கரிச்சானைத் தேடுங்கள். வாலின் இரு ஓரத்திலும் நீண்ட கம்பியில் துடுப்புத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு ஏமாற்றம் மனிதர்களால் வருவது. பக்கத்துப் பாதையில் யாரோ போனில் அக்காக்குயிலின் பதிவை ஓட்டி அழைத்துக்கொண்டிருந்தால், செயலி அதையும் அக்காக்குயில் என்றே சொல்லும். இனப்பெருக்கப் பருவத்தில் இப்படிப் பதிவை ஓட்டுவது பறவைக்குத் தொல்லை. எல்லை காக்கிற ஆண், இல்லாத எதிரியைத் தேடி அலைந்து நேரத்தை வீணாக்கும். செயலியிலேயே மாதிரிக் குரல்கள் இருக்கின்றன, அவற்றைக் காட்டில் சத்தமாக ஓட்டாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் இயர்போன் போட்டுக் கேளுங்கள்.

மிக அதிகமாக நடக்கும் தவறு வேறு. அது செயலியின் தவறும் இல்லை. அக்காக்குயிலின் குரல் வெகு தூரம் வரும். அடுத்த சரிவில் கூவுகிற பறவையைப் போன் பிடித்துப் பெயரைச் சொல்லும். அதே நேரத்தில் பக்கத்து மரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயரும் கிடைத்தது, பறவையும் கிடைத்தது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவோம். அந்தப் பறவை வல்லூறாக இருக்கலாம். கேட்ட பறவையும் பார்த்த பறவையும் ஒன்றுதான் என்று உறுதியாகச் சொல்ல ஒரே வழி, கூவும்போது அதன் தொண்டை அசைவதையோ அலகு திறப்பதையோ பார்ப்பது. இதைப் பார்க்காமல் 'பார்த்தேன்' என்று எழுதாதீர்கள். 'குரல் மட்டும்' என்று எழுதுங்கள். அதுவும் முழு மதிப்புள்ள பதிவுதான்.

ஒலி வசதிக்கு இந்தப் பறவையைப் பொறுத்தவரை, கூவும் பருவத்தில், ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் குறைவது பெண் பறவைக்காக. பெண் அந்தப் படிக்கட்டுக் கூவலைக் கூவுவதில்லை. அது போடும் சத்தம் கரகரப்பான தொடர் ஒலி. சத்தம் நிறைந்த காலைக் காட்டில் எந்தக் கருவிக்கும் அது கடினமான குரல்.

பதிவு எடுக்கும்போது சில விஷயங்கள். போன் உறை மைக்கை மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும், அந்த விளிம்பு பறவையின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். சருகில் நடந்துகொண்டே பதிவு செய்யாதீர்கள். உங்கள் காலடிதான் படம் முழுக்கக் கோடு போடும். காற்று அடித்தால் ஸ்பெக்ட்ரோகிராமின் அடிப்பகுதி முழுக்கக் கறுத்துவிடும். அப்போது மரத்துக்கு மறுபக்கம் போய், உடம்பால் காற்றை மறைத்து நில்லுங்கள். ஒரு முழுச் சுற்று, அதாவது அடிப் படியிலிருந்து உச்சி வரை, பதிவாகும் வரை நிறுத்தாதீர்கள். உச்சியில் இருக்கும் இரண்டு படி மட்டும் கிடைத்தால் கரிச்சான்குயிலோடு ஒப்பிட வழியில்லை. இருப்பிடத்தை அறிய அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இடமும் தேதியும் தெரிந்தால்தான் அந்த வாரத்தில் அங்கே இருக்க வாய்ப்பில்லாத பறவைகளைச் செயலி ஒதுக்க முடியும்.

இனி மார்கழிக்கு வருவோம். இங்கேதான் கண் வேண்டும். செயலியில் இதற்கு இரண்டு வழி: கேள்வி பதில், படம்.

கேள்வி பதிலில் எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஐந்து கேள்வி. அக்காக்குயிலின் நீளம் சுமார் 34 செ.மீ, புறா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், காக்கையைவிடச் சிறியது. நிறத்துக்குச் சாம்பலும் வெள்ளையும் பழுப்பும் சரி. இலை உதிர்ந்த மரத்தில் வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். அப்போது கறுப்பு என்று அழுத்தினால் பட்டியல் வேறு எங்கோ போய்விடும். எல்லாம் சரியாகக் கொடுத்தாலும் வல்லூறும் அக்காக்குயிலும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்து நிற்கலாம், ஏனென்றால் அளவு, நிறம், மரத்தில் இருப்பது மூன்றுமே இரண்டுக்கும் பொருந்தும். ஐந்து கேள்வியில் ஒன்றுகூடக் காலையோ அலகையோ கேட்பதில்லை. இந்தப் பறவைக்கு முடிவு சொல்வது காலும் அலகும்தான். இந்த வசதிக்கு ஐந்துக்கு இரண்டு.

அக்காக்குயில் ஏன் இப்படி வல்லூறைப் போல இருக்கிறது? மேலே சாம்பல், அடியில் குறுக்குப் பட்டை, வாலில் பட்டை, சில வேகமான சிறகடிப்பு, பிறகு மிதப்பு, கிளைக்கு வரும்போது மேல்நோக்கி எழும்பி அமர்தல், அமர்ந்ததும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டுதல், எல்லாமே வேட்டைப் பறவையின் நடை. அது வந்தால் சின்னப் பறவைகளும் அணிலும் எச்சரிக்கைக் குரல் கொடுத்துக் கலவரமாகிவிடும். காட்டு உயிர்களே ஏமாறுகிற ஒப்பனை என்பதால், பறக்கும் விதத்தையோ மற்ற பறவைகளின் பதற்றத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்ள முடியாது. 'அணில் கத்தியது, அதனால் வல்லூறு' என்பது இங்கே செல்லாது.

பார்க்க வேண்டியவை இவை. அலகு: வல்லூறின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே கொக்கி போல வளைந்திருக்கும், அலகு தொடங்கும் இடத்தில் மஞ்சளான தோல் பூச்சு இருக்கும். அக்காக்குயிலின் அலகு ஒல்லியாக, முக்கால்வாசி நேராகப் போய் நுனியில் மட்டும் மெல்லச் சரியும். கால்: இரண்டுக்கும் மஞ்சள்தான், எனவே நிறத்தைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். வல்லூறுக்கு இறகில்லாத நீண்ட கால், கூர்நகம், மூன்று விரல் முன்னால் ஒன்று பின்னால். அக்காக்குயில் உட்கார்ந்தால் கால் வயிற்று இறகில் புதைந்து கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. தெரிந்தால் இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால். கண்: அக்காக்குயிலின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாக ஒரு கோடு போட்டது போல இருக்கும். தொண்டை: வளர்ந்த வல்லூறின் வெள்ளைத் தொண்டையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரே ஒரு மங்கிய கோடு ஓடும், வளர்ந்த அக்காக்குயிலுக்கு அது கிடையாது, அதன் மார்பில் இளஞ்செம்பழுப்பு பூசினாற்போல இருக்கும். அமரும் விதம்: வல்லூறு நிமிர்ந்து காவல்காரனைப் போல உட்காரும். அக்காக்குயில் கிளையோடு கிளையாகச் சற்றுப் படுத்தாற்போல, சிறகுகளைத் தொங்கவிட்டு உட்காரும். பறக்கும்போது சிறகின் நுனியைப் பாருங்கள்: வல்லூறுக்கு அகன்று விரல் விரித்தது போல, குயிலுக்குக் கூர்ந்து ஒடுங்கியது போல.

என்ன சாப்பிடுகிறது என்று பார்க்கக் கொடுத்து வைத்தால் வேறு எதுவும் தேவையில்லை. அக்காக்குயிலுக்குக் கம்பளிப்பூச்சி விருந்து. மற்ற பறவைகள் தொடத் தயங்கும் மயிர் நிறைந்த புழுவை அலகால் அழுத்தி, கிளையில் தேய்த்துத் தேய்த்துக் குடலை வெளியேற்றிவிட்டு, மயிரோடு அப்படியே விழுங்கும். நச்சு அந்தக் குடலில்தான் இருக்கும். உள்ளே போன மயிரைப் பிறகு உருண்டையாகக் கக்கிவிடும். 'வல்லூறு' ஒன்று கிளையில் கம்பளிப்பூச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தால், அது வல்லூறு இல்லை.

வல்லூறை ஒதுக்கியாயிற்று என்றால் அடுத்த கேள்வி: அக்காக்குயிலா, பெரிய அக்காக்குயிலா? பெரியது இமயமலைப் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே, நம் மலைக் காடுகளுக்கும் வரும். வந்த இடத்தில் பெரும்பாலும் கூவாது. நம் ஊர் அக்காக்குயிலும் அந்த மாதங்களில் அடங்கியிருக்கும். பெரியதன் நீளம் சுமார் 38 செ.மீ. இந்த நாலு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் காட்டில் கண்ணால் அளக்க முடியாது, எனவே பெயரில் இருக்கும் 'பெரிய'வை மறந்துவிடுங்கள். மோவாயைப் பாருங்கள். அலகுக்குக் கீழே கருமையாக இருந்தால், தொண்டையில் கருங்கோடுகள் நெடுக்காக ஓடினால், மார்பில் செம்பழுப்பும் வயிற்றில் அழுத்தமான குறுக்குப் பட்டையும் இருந்தால், முதுகு பழுப்பாகவும் தலை சாம்பலாகவும் தனித்தனியே தெரிந்தால், அது பெரிய அக்காக்குயில். மோவாய் வெளிறி, தலையும் முதுகும் ஒரே சாம்பலாக, வயிற்றுப் பட்டை மங்கலாக இருந்தால் நம் அக்காக்குயில். மோவாய் தெரியாத கோணத்தில் எடுத்த படத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம்.

படம் பார்த்துச் சொல்லும் வசதி இந்த இடத்தில்தான் வருகிறது, நீங்கள் கொடுக்கும் படம் எவ்வளவு நல்லதோ அவ்வளவுதான் அதுவும். அது படத்தை மட்டும் பார்ப்பதில்லை, எங்கே எப்போது எடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பழைய படத்தையோ வாட்ஸ்அப்பில் வந்த படத்தையோ கொடுத்தால் தேதியும் இடமும் தொலைந்திருக்கும். அவற்றை நீங்களே சரியாகக் கொடுங்கள். பறவை கட்டத்தை நிரப்பும்படி பெரிதாக்குங்கள். ஒரே படத்தோடு நிறுத்தாமல் அலகு பக்கவாட்டில் தெரியும் ஒன்று, மார்பு நேராகத் தெரியும் ஒன்று என்று இரண்டு கொடுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வந்தால், படம் போதவில்லை என்று பொருள். வளர்ந்த பறவைக்கு ஐந்துக்கு மூன்றரை. இளம் பறவைக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

அந்த இளம் பறவை தனிக் கதை. அதன் மார்பிலும் வயிற்றிலும் குறுக்குப் பட்டைக்குப் பதிலாகப் பழுப்புத் துளிகளும் கீற்றுகளும் இருக்கும். இளம் வல்லூறுக்கும் அப்படியே. படத்தில் அலகும் காலும் இலைக்குப் பின்னால் போய்விட்டால் அனுபவசாலியே தயங்குவார். ஆனால் இளம் அக்காக்குயிலை அடையாளம் காட்ட ஆள் இருக்கிறது: அதை வளர்க்கிறவர்கள்.

அக்காக்குயில் கூடு கட்டுவதில்லை. தவிட்டுக்குருவி என்றும் சிலம்பன் என்றும் நாம் சொல்லும், எப்போதும் ஏழெட்டாகக் கூட்டமாகத் தரையைக் கிளறித் திரியும் பறவைகளின் கூட்டில், ஒரு கூட்டுக்கு ஒன்றாக முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காட்டுச் சிலம்பன்தான் முக்கியமான வளர்ப்புத் தாய். பெரிய சாம்பல் சிலம்பனும் உண்டு. அவற்றின் முட்டை நீலம். அக்காக்குயிலின் முட்டையும் நீலம். மார்ச் முதல் ஜூன் வரை இந்தக் குயில் தொண்டை கிழியக் கூவுவதற்குக் காரணம் அதுதான் சிலம்பன்கள் கூடு வைக்கும் காலம் என்பது. பொரித்த குஞ்சு வழக்கமாக வீட்டுக்காரரின் முட்டைகளை வெளியே தள்ளிவிடும். எப்போதும் அப்படி இல்லை என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே, சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் கவனித்து எழுதியிருக்கிறார். சிலம்பன் குஞ்சுகளோடு சேர்ந்தே குயில் குஞ்சும் திரிவதைக் காணலாம் என்பது அவர் குறிப்பு.

கூட்டை விட்டு வந்த பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் அந்தக் குஞ்சு சிலம்பன் கூட்டத்தின் பின்னாலேயே போகும். 'கீ-கீ' என்று கரகரத்த குரலில் இடைவிடாமல் தீனி கேட்கும். எனவே சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் சிலம்பன் கூட்டத்துக்கு நடுவே 'இளம் வல்லூறு' ஒன்று உட்கார்ந்திருந்து, கூட்டம் சிதறி ஓடாமல், அவற்றில் ஒன்று அதன் வாயில் புழுவைத் திணித்தால், கேமராவைக்கூடத் தூக்க வேண்டியதில்லை, அடையாளம் முடிந்தது. செயலி எந்தப் படத்துக்கு என்ன பெயர் சொன்னாலும், தீனி கொடுக்கும் சிலம்பனைவிட நம்பகமான சாட்சி கிடையாது. தூரத்தில் நின்று பாருங்கள். நெருங்கினால் கூட்டம் கலையும், குஞ்சு தனியாக மாட்டிக்கொள்ளும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். சுடலைக்குயிலும் சிலம்பன் கூட்டில்தான் முட்டையிடும், அதன் குஞ்சும் சிலம்பன்களோடு திரியும். ஆனால் அது மேலே கறுப்பு, கீழே வெள்ளை, தலையில் கொண்டை. வல்லூறு மாதிரித் துளிகள் கிடையாது. குயில் குடும்பம் முழுக்க இரவல் கூடு தேடும் குடும்பம் என்றும் நினைக்க வேண்டாம். செம்போத்து குயிலின் உறவுதான், அது தானே கூடு கட்டித் தானே வளர்க்கும்.

கரிச்சான்குயிலைக் கண்ணால் பார்த்தால்: உடல் முழுக்க மினுக்கும் கறுப்பு, வால் கரிச்சானைப் போலவே பிளந்திருக்கும். கரிச்சான் இல்லை என்று காட்டுவது வாலின் அடிப்புறம். அங்கே, வாலடி இறகுகளிலும் ஓர இறகின் அடியிலும் வெள்ளைக் குறுக்கு வரிகள் இருக்கும். அலகு கரிச்சானுடையதைவிட ஒல்லி, சற்று வளைந்தது. கரிச்சான் கிளையிலிருந்து பாய்ந்து காற்றில் பூச்சி பிடிக்கும். கரிச்சான்குயில் இலைகளுக்குள் நிதானமாகப் புழு தேடும்.

அந்த வெள்ளை வரிகள் தெரிய நல்ல பைனாகுலர் வேண்டும், போன் கேமரா போதாது. காட்டுக்கு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மி.மீ அகலம்) போதும், 10x42 தேவையில்லை. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 10-ஆல் வகுத்தால் 4.2 மி.மீ தான். விடியற்காலை மர நிழலில் கண்பாவை விரிந்திருக்கும்போது இந்த வித்தியாசம் மோவாய் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம். எட்டு மடங்கில் பார்வைப் பரப்பும் அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். வாங்கும்போது கடை வாசலுக்கு வந்து, வெளிச்சமான வானத்தின் முன் கறுப்பாகத் தெரியும் கம்பியையோ கிளையையோ பாருங்கள். ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு தடிமனாகத் தெரிந்தால் அந்தக் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது. கரிச்சான்குயிலின் வால் வரியையும் அக்காக்குயிலின் கண் வளையத்தையும் அந்தக் கோடு விழுங்கிவிடும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணிலிருந்து 16 மி.மீ-க்குக் குறையாத இடைவெளியில் முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாகப் பட்டியலில் எழுதும் முறை. கூவலை மட்டும் கேட்டிருந்தால் குறிப்பில் அப்படியே எழுதுங்கள்: 'மூன்றசை, ஏறும் தொடர், ஆறு முறை, பார்க்கவில்லை'. செயலி சொன்னது என்பது மட்டும் குறிப்பு ஆகாது. நீங்கள் கேட்டது என்ன என்பதே குறிப்பு. கூவாத பறவையைக் குளிர்காலத்தில் பார்த்திருந்தால் மோவாய் நிறம், தொண்டைக் கோடு, மார்பு நிறம் மூன்றையும் எழுதுங்கள். மூன்றில் மோவாய் தெரியவில்லை என்றால் இபேர்ட்டில் இனம் குறிப்பிடாமல் குயில் வகை என்று போட இடமிருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சோதித்துப் பார்ப்பவருக்கு அது தவறான பெயரைவிட நூறு மடங்கு உதவி. பட்டியலோடு ஒலிப் பதிவைச் சேர்ப்பதானால் மெர்லின் சேமித்து வைத்திருக்கும் வேவ் கோப்பையே எடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கியதை வேண்டாம். ஒலி திருத்தும் மென்பொருளில், கூவலுக்கு முன்னும் பின்னும் மூன்று விநாடி விட்டு வெட்டி, உச்ச ஒலியை மைனஸ் மூன்று டெசிபலுக்குக் கொண்டுவந்து ஏற்றுங்கள். வெட்டும்போது அடிப் படியின் மெல்லிய முதல் மூன்றசை போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சத்தம் குறைவாக இருப்பதால் வெறும் இரைச்சல் போலத் தோன்றும், பெரும்பாலும் அதைத்தான் வெட்டி எறிகிறார்கள்.